பட்டும் படங்கும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கலைவிழாவை முன்னிட்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஒரு குறும்படம் தயாரித்தனர். ஐந்தே நிமிடப் படம். தேயிலைத் தோட்டத்துத் தாயொருத்தி தன் மகளைப் படிக்க வைப்பதற்காகப் படுகின்ற பாடுதான் கதை. வசனம் எழுதியவன் என் வகுப்பு மாணவன்; தாயாக நடித்தவளும் என் வகுப்பு மாணவியே. கைத்தொலைபேசியிற் பிடித்த அந்தப் படத்தை விழாவுக்கு முன்னர் எனக்குக் காட்டி அபிப்பிராயம் கேட்கவேண்டுமென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

மண்டபத்திலே என் தாயாரும் தந்தையாரும் அமர்ந்திருந்தார்கள். தாயார் ஹந்தானை மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மாணவர்களுக்கு இது தெரியும். ஆகையால், "பாட்டியும் பாக்கணும் சேர்" என்று வற்புறுத்தி, படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியிலே போட்டுக் காட்டினார்கள்.

பனி விலகிய மலைச்சரிவு. கண்ணெட்டிய தூரம் மரகதப் பச்சை. அந்தப் பச்சையின் நடுவே செக்கச் செவேலென்ற பட்டுச்சேலை. சேலைக்குச் சரிகைக் கரை. தலையிலே மல்லிகைச் சரம். உதட்டிலே சாயம். முதுகிலே புத்தம் புதிய கூடை. இவ்வாறு அலங்கரித்து நின்ற பெண், இரண்டு விரல்களாற் கொழுந்தைக் கிள்ளியபடி, வாழ்க்கையின் கொடுமையை எண்ணிக் கண்ணீர் வடித்தாள். பின்னணியிலே வயலின் அழுதது.

படம் முடிந்ததும் எல்லோரும் தாயாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்:

"ஏந் தம்பி, மலையில யாருக்குக் கல்யாணம்?"

நாங்கள் சிரித்துவிட்டோம். நடித்த பெண்ணும் கூடவே சிரித்தாள். ஆயினும் அன்றிரவு படுக்கையிற் சாய்ந்த பின்னர் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். சொல்லின் பொருளை ஆராயும் வகையை எத்தனையோ மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல் இல்லாமலே பேசுகின்றவற்றின் பொருளை ஆராய்வதற்கு ஒரு நாளேனும் சொல்லிக் கொடுத்ததுண்டா?

சொல்லாமற் சொல்பவை

என் மாணவர் எடுத்த படத்திலே கதை 'துன்பம்' என்றது. சேலை 'திருவிழா' என்றது. காது கேட்டதைக் கண் மறுத்தது. இத்தகைய வழக்கிலே பெரும்பாலும் கண்ணின் பக்கமே தீர்ப்பாகும்.

திரைப்படத்திலே நடிகர் வாய்திறக்கு முன்பே நான்கு பொருள்கள் பேசிவிடுகின்றன. உடுத்திய உடை, நிற்கின்ற இடம், சூழ்ந்துள்ள நிறம், மேலே விழுகின்ற ஒளி என்பனவே அவை. நாவலாசிரியன் 'அவள் ஏழை' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு அப்பாற் செல்லலாம். படமெடுப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. அவள் கட்டியிருப்பது எந்தச் சேலை, அது எத்தனை முறை வெளுத்தது, அவள் நிற்குமிடத்தில் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றையும் அவன் தீர்மானித்தே ஆகவேண்டும். தீர்மானிக்காமல் விட்டாலும் அவை பேசாமல் இருக்கப் போவதில்லை, தம்பாட்டுக்குப் பேசும். அவ்வளவுதான் வேறுபாடு.

மறுநாள் வகுப்பிலே, "ஏன் சிவப்புச் சேலை?" என்று கேட்டேன். "எல்லாப் போஸ்டரிலயும் அப்பிடித்தானே சேர் இருக்கு" என்று விடை வந்தது. உண்மைதான். தேயிலைப் பொதியின் மேலுறையிலும், உல்லாசப் பயணிகளுக்கான சுவரொட்டியிலும், நாட்காட்டியிலும் மலைநாட்டுப் பெண் பெரும்பாலும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குக் காரணமும் உண்டு. ஓவியரின் நிறச்சக்கரத்திலே பச்சையும் சிவப்பும் நேரெதிரே அமைந்தவை. அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பச்சைக் கடலின் நடுவே ஒரு சிவப்புத் துளி இருந்தால் எவர் கண்ணும் முதலில் அங்கேதான் போய் விழும். பயணியை அழைப்பது சுவரொட்டியின் தொழில். அந்தத் தொழிலுக்கு அச்சிவப்பு பொருந்தும். துன்பக் கதைக்கு அதையே இரவல் வாங்கியதுதான் பிள்ளைகள் செய்த பிழை. பிறர் நம்மைப் பார்த்த பார்வையை நம் பார்வை என்றே அவர்கள் எண்ணிவிட்டார்கள்.

தந்தையார் ரதியான இரவு

உடைக்கும் ஒளிக்கும் உள்ள வல்லமையை நான் முதன்முதற் கண்டது படமாளிகையிலன்று. எங்கள் லயத்து முற்றத்திலேதான்.

மாசி மாதத்திலே தோட்டத்திற் காமன் கூத்து நடைபெறும். மன்மதனைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணாற் சுட்டெரித்த கதை. ஆடவரே ரதி வேடமும் புனைவர். எங்கள் தோட்டத்தில் ஐந்தாறு ஆண்டுகள் ரதியாக ஆடியவர் என் தந்தையார். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அதே கைகள், இரவிலே வளையல் குலுங்க அபிநயம் பிடிக்கும். தப்பொலி முழங்க, பெற்றோமாக்ஸ் விளக்கு இரைய, சாக்கு விரிப்பிலே தாயாரின் மடியிற் சாய்ந்தபடி நான் பார்த்துக் கொண்டிருப்பேன். மன்மதன் எரிந்ததும் ரதி புலம்புவாள். லயத்துப் பெண்கள் விம்முவார்கள். அது என் அப்பா என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நானும் விம்முவேன்.

விடிந்ததும் பார்த்தால் அவர் சாரத்தோடு, பாதி அழிந்த அரிதாரத்தோடு, காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக் கொண்டிருப்பார். ரதி உடுத்திய சேலை கொடியிலே உலர்ந்துகொண்டிருக்கும். கிட்டப்போய்ப் பார்ப்பேன். அது அம்மாவின் பழைய சேலை! பகல் வெயிலில் அது சாயம் போன ஒரு துணி. இரவின் விளக்கொளியிலோ அது தேவலோகத்து ஆடை. துணி மாறவில்லை, அதன்மேல் விழுந்த ஒளி மாறியது, அதனைப் பார்த்த எங்கள் மனமும் மாறியது.

கண்டி நகரத்தார்க்கு இது புதுமையன்று. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்திலே இருண்ட கருவறையில் அர்ச்சகர் கர்ப்பூரத் தட்டை உயர்த்தும் கணத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறு சுடர் மேலெழும்போதுதான் ஐயனின் திருமுகம் நமக்குத் தோன்றுகிறது. அதே மூர்த்தியின் முன்னே பெரிய மின்விளக்கை வைத்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் தரிசனம் என்ற உணர்வு குறைந்துபோகும். எசல பெரஹெராவின் இரவிலே கொப்பரைப் பந்தங்களின் செவ்வொளியில் அசைந்து வரும் யானையும், பகலிலே ஆற்றிற் படுத்து நீராடும் யானையும் ஒன்றேதான். ஆயினும் முன்னதைக் கண்டு கை கூப்புகிறோம். பின்னதைக் கண்டு புன்னகை செய்கிறோம். இருளை எங்கே விடுவது என்று அறிவதும் ஒளியமைப்பின் ஒரு பாதியாகும். மணிரத்தினத்தின் 'நாயகன்' (1987) படத்திலே பி. சி. ஸ்ரீராம் பல காட்சிகளில் முகத்தின் பாதியை நிழலுக்கே விட்டுவிட்டார். நல்லவனா கெட்டவனா என்று தீர்க்க முடியாத ஒரு மனிதனின் கதைக்கு அந்தப் பாதி இருளே உரையாக அமைந்தது.

வெள்ளித்திரையில் நம் மலைகள்

இந்த மலைநாட்டில் 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அதற்குப் பின்னர் நூறாண்டு செல்வதற்குள் ஹொலிவூட்டுக்காரரும் தேயிலை மலைகளைத் தேடி வந்துவிட்டனர். 1954இல் வெளியான 'எலிபன்ட் வோக்' என்ற வண்ணப்படம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரையொருவரின் இல்வாழ்க்கையைச் சொல்வது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையை மறித்து ஒரு மாபெரும் பங்களா கட்டப்பட்டிருக்கிறது. முடிவிலே அந்த யானைகள் பங்களாவை நொறுக்கிக்கொண்டு தம் வழியே செல்கின்றன. இங்கே கட்டடமே ஒரு பாத்திரம். அதன் அகன்ற கூடமும் உயர்ந்த படிக்கட்டும் துரையின் செருக்கை வசனமின்றியே சொல்லிவிடுகின்றன.

இந்தப் படத்தைப் பற்றி என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. கதாநாயகியாக நடிக்க 1953இல் இலங்கைக்கு வந்தவர் விவியன் லீ. அவர் நோயுற்றமையால் அவருக்குப் பதிலாக எலிசபெத் டெய்லர் நடித்தார். ஆனால் இலங்கையிலே ஏற்கெனவே எடுத்திருந்த தூரக்காட்சிகள் சிலவற்றில் விவியன் லீயே இருக்கிறார். படம் பார்ப்பவர் எவரும் இதனை எளிதிற் கண்டுகொள்வதில்லை. ஏன்? தூரத்திலே முகம் தெரியாது; உடைதான் தெரியும். அதே உடை என்றால் அதே பெண் என்று நம் மனம் முடிவு கட்டிவிடுகிறது. உடை ஆளை மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே படத்தின் தோட்டத் தொழிலாளர் கூட்டமோ பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. தலைமுண்டாசும் கூடையும் தெரிகின்றன. அவற்றுக்குரிய மனிதர் தெரிவதில்லை.

நம் நாட்டுத் திரைப்படமும் தன் சொந்த ஒளியைக் கண்டுகொள்ளச் சில காலம் எடுத்தது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர்; அது படமானதும் தென்னிந்தியாவிலேதான். அக்காலத்திலே சிங்களக் கிராமம் என்பது கலையகத்துக்குள்ளே மரத்தாலும் சீலையாலும் எழுப்பப்பட்ட ஒன்று. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது 'ரேகாவ' படத்துக்காகக் கெமராவை வெளியே தூக்கிச் சென்று, உண்மையான கிராமத்து மண்ணிலே, சூரிய வெளிச்சத்திலே நிறுத்தினார். ஒளிப்பதிவு செய்தவர் வில்லியம் பிளேக். மரநிழல் முகத்தில் விழுந்து அசைவதைத் திரையிற் காணும்போது, இது நம் ஊர்தான் என்று உள்ளம் ஒப்புக்கொள்கிறது. அந்த நிழலைக் கலையகத்திலே தச்சனால் செய்ய முடியாது. எங்கள் மலைநாட்டார்க்கு அத்தகைய ஓர் உணர்வைத் தந்தது 1975இல் வெளிவந்த, வீ. பி. கணேசனின் 'புதிய காற்று'. தோட்டத் தொழிலாளியே கதையின் நடுவில் நிற்பதை அன்றுதான் திரையிற் கண்டதாகத் தந்தையார் இன்றும் சொல்வார்.

பிறகு 1983 வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்டீவன் ஸ்பில்பேர்க்கின் படக்குழு கண்டிக்கு வந்து இறங்கியது. 1984இல் வெளியான இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படத்துக்காக. இந்தியாவில் அனுமதி கிடைப்பது இடராயிற்று. ஆகவே கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே ஒரு வட இந்தியக் கிராமம் முளைத்தது. அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டின் அயலிலே, பள்ளத்தாக்கின் குறுக்கே, கயிற்றுப் பாலமொன்றும் தொங்கியது. எனக்கு அப்பொழுது நான்கு வயது. வேடிக்கை பார்க்கப் போன தந்தையாரைக் கிட்டச் செல்ல விடவில்லையாம். "மலை பூராவும் பச்ச. அவுங்க இருந்த எடம் மட்டும் காஞ்சு கெடந்துச்சு" என்று அவர் அந்த அதிசயத்தை விவரிப்பார்.

அவர் தூரத்திலிருந்து கண்டது ஓர் உயர்ந்த உத்தி. கதைப்படி அந்தக் கிராமத்தின் புனிதக் கல் களவு போய்விட்டது. பிள்ளைகளும் கொண்டு செல்லப்பட்டுவிட்டார்கள். ஆகையால் மண்ணும் குடிசையும் உடுத்த துணியும் ஒரே புழுதி நிறமாக இருக்கின்றன. கல்லும் குழந்தைகளும் திரும்பி வரும் இறுதிக் காட்சியிலே அதே ஊர் பசுமை பூத்து நிற்கிறது. ஊர் செத்தது, ஊர் பிழைத்தது என்ற இரண்டையும் நிறமே சொல்லிவிடுகிறது. உத்தியை மெச்சுகிறேன். ஆனால் உற்றுக் கேட்டால் அந்த 'இந்திய'க் கிராமத்தார் பேசுவது சிங்களம்! ஊர்ப் பெரியவராக வருபவர் நம் நாட்டின் புகழ்பெற்ற நடிகர் டி. ஆர். நாணயக்கார. உலகம் அதைக் கவனிக்கவில்லை. கிழிந்த துணியும் புழுதியும் மெலிந்த உடலும் இருந்தால் எந்த மொழி பேசினாலும் ஒன்றுதான் என்று நினைத்தார்கள் போலும். வறுமைக்கு ஒரு சீருடை தைத்து வைத்திருக்கிறார்கள்; எவர்க்கும் அதை மாட்டிவிடலாம்.

ஆசிரியனின் பிழை

இவற்றையெல்லாம் மாணவர்க்குச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், பாலா இயக்கி 2013இல் வெளிவந்த 'பரதேசி' படத்தின் சில பகுதிகளையும் போட்டுக் காட்டினேன். தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளையர் காலத்திலே கொத்தடிமைகளாய்க் கிடந்தவர்களின் கதை அது. செழியனின் ஒளிப்பதிவிலே பச்சை மலையின் பச்சையே வடிந்துபோய், மண்ணும் பனியும் மனிதரும் ஒரே மங்கலான நிறமாகத் தோன்றுகின்றனர். உடைகளை வடிவமைத்த பூர்ணிமா ராமசாமி அதற்காக இந்திய தேசிய விருது பெற்றார். துணி உடம்போடு சேர்ந்து நைந்ததுபோல் இருக்கும். அழகிய மலை சிறைச்சாலையாய்த் தெரியும். நான் எதிர்பார்த்தபடி வகுப்பு முழுவதும் வாயடைத்துப் போயிற்று.

இரண்டு வாரங்கள் கழித்துப் பிள்ளைகள் தங்கள் படத்தை மறுபடி எடுத்து வந்தார்கள். இம்முறை பட்டு இல்லை, மல்லிகை இல்லை. சேலை கிழிந்திருந்தது. முகத்திலே கரி பூசியிருந்தது. தலைமயிர் பரட்டையாய்ப் பறந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. படத்தின் நிறமெல்லாம் உறிஞ்சப்பட்டுச் சாம்பலாய்க் கிடந்தது. நான் பெருமிதத்தோடு தாயாரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் எழுந்துவிட்டார். சமையலறை வாசல்வரை போய், அங்கே நின்று திரும்பினார்.

"நாங்க கஷ்டப்பட்டோம் தம்பி. அழுக்கா இருக்கல. விடியக்காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு, மொகங் கழுவி, தல சீவி, பொட்டு வச்சுக்கிட்டுத்தான் பெரட்டுக்குப் போவோம். பொட்டில்லாம நான் வெளிய போனது அந்த ஆடி மாசம் மட்டுந்தான்."

மாணவர்க்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

1983ஆம் ஆண்டு ஆடி மாதம். படக்குழுவினர் கண்டியை விட்டுப் போய்ச் சிறிது காலமே ஆகியிருந்தது. நாடெங்கும் தமிழர்மீது வன்முறை வெடித்தது; கண்டி நகரிலும் கடைகள் எரிந்தன. எங்கள் லயத்தார் இரண்டு இரவுகள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தார்கள். காய்ச்சலிற் கிடந்த என்னை மருந்துக்குக் கொண்டுபோயாக வேண்டியிருந்தது. பாதையில் இறங்குமுன் தாயார் முந்தானை நுனியிலே எச்சில் தொட்டுத் தம் நெற்றிப் பொட்டை அழித்தாராம். எனக்கு அந்த நிகழ்ச்சி நினைவிலில்லை. ஆனால் ஒன்று மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. அம்மாவின் தோளிற் கிடந்தபடி அவர் முகத்தைப் பார்த்து, இது யாரோ என்று பயந்து அழுதேன். அன்றைக்கு எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அவ்வாறே செய்தார்கள். நெற்றியில் ஒரு செம்புள்ளி இருப்பதும் இல்லாதிருப்பதும் உயிர்மேல் வந்து நின்ற நாள்கள் அவை. உடையும் அணியும் பொருள் தருமென்று நான் புத்தகத்திற் படித்தேன். என் தாயார் அதை நெற்றியிற் படித்தவர்.

நான் செய்த பிழை அப்பொழுதுதான் எனக்குத் தெளிவாயிற்று. 'பரதேசி'யின் அழுக்குக்கு ஒரு காலமும் காரணமும் உண்டு. அது அந்தக் கொத்தடிமை வாழ்வைத் துருவி ஆராய்ந்து பிறந்த உடை. பிள்ளைகளோ அதன் அழுக்கை மட்டும் இரவல் வாங்கினார்கள். முன்னர் சுவரொட்டியிடம் பட்டை இரவல் வாங்கியது போலத்தான் இதுவும். பட்டும் பொய், கந்தலும் பொய். இரண்டிலும் அந்தப் பெண் இல்லை. துன்பப்பட்டவளைத் தூய்மையற்றவளாகக் காட்டினால் பார்ப்பவர் இரங்கலாம், ஆனால் மதிக்கமாட்டார். இரக்கத்தை வாங்குவதற்காக மானத்தை விற்ற படம் அது. அதற்குத் தரகு பார்த்தவன் நான்.

மூன்றாம் முறை

"பாட்டி, நீங்களே காட்டுங்க" என்று கேட்டவள் அந்த மாணவிதான். தாயார் முதலில் மறுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு பழைய நூற்சேலையை எடுத்தார். துவைத்துத் துவைத்து நிறம் மங்கியது. ஆனால் மடிப்புக் குலையாதது. அதைச் சற்றே உயர்த்திக் கட்டச் செய்தார். அதன்மேல், இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டினார். பனியில் நனைந்த செடி சேலையையும் தோலையும் கிழிக்காமற் காப்பது அந்த முரட்டுத் துணிதான். தலைமேல் கொங்காணியை மடித்துப் போட்டார். கூடைக் கயிறு தலையை அறுக்காதிருக்கவும், மழை கழுத்தில் இறங்காதிருக்கவும் அது. அட்டை கடிக்காதிருக்கக் காலிற் சவர்க்காரம் தேய்க்கும் வகையையும், மட்டக்கம்பைச் செடிமேற் போட்டு மட்டம் பார்க்கும் வகையையும் சொன்னார். ஒவ்வொரு துணிக்கும் ஒரு காரணம் இருந்தது. அலங்காரத்துக்கென்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தாயார் குங்குமச் சிமிழைத் திறந்து, தம் விரலாலேயே அவள் நெற்றியில் இட்டார்.

இம்முறை பிள்ளைகள் வண்டிகள் நின்று படம் பிடிக்கும் சாலையோரத்தை விட்டுவிட்டு, மாணவனொருவனின் உறவினர் குடியிருக்கும் லயத்துக்குப் போனார்கள். உச்சி வெயிலில் எடுக்க வேண்டாமென்றேன்; அந்நேரத்து ஒளி மேலிருந்து நேரே விழுந்து கண்களைக் குழியாக்கிவிடும். காலை ஆறரை மணிக்கு, சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது, முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரிய எடுத்தார்கள். நடுவே பனி இறங்கியது. "நிறுத்தவா சேர்?" என்று கேட்டார்கள். வேண்டாமென்றேன். பனி, நிழலை எல்லாம் கரைத்துவிடும். மலையையே மறைத்து அந்தப் பெண்ணைத் தனியளாக்கிவிடும். கதைக்கு அதுதானே வேண்டும்? இரவுக் காட்சிக்குக் காம்பராவிலே தொங்கிய ஒற்றை மின்குமிழையே பயன்படுத்தினார்கள். மகளின் கொப்பியும், அதன்மேற் குனிந்த தாயின் முகமுந்தான் அந்த மஞ்சள் வட்டத்துக்குள் தெரிந்தன, மற்றதெல்லாம் இருள்.

நிறத்தையும் இம்முறை அவர்கள் உறிஞ்சி எடுக்கவில்லை. மலை தன் பச்சையிலேயே இருந்தது. சேலை மங்கல், படங்கு மண்ணிறம், கொங்காணி கறுப்பு. ஆகவே அத்தனை பச்சையின் நடுவிலும் சிவப்பாக இருந்தது அந்தப் பொட்டு ஒன்றுதான். முதற் படத்திலே சேலை செய்த வேலையை இங்கே அந்தச் சிறு புள்ளி செய்தது. கண் நேரே அங்கே போயிற்று. அங்கே ஒரு முகம் இருந்தது.

கலைவிழாவிலே அந்தப் படத்துக்கு முதற் பரிசு கிடைக்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இன்று பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கெமரா இருக்கிறது. தம் ஊரையும் வீட்டையும் பெற்றோரையும் அவர்கள் நாள்தோறும் படம் பிடிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பிப்பது போல, ஒரு படத்தின் உடையையும் இடத்தையும் நிறத்தையும் ஒளியையும் கூட்டிப் படிக்கவும் அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். இல்லையேல், பிறர் தைத்த சட்டையை நம் அன்னையர்க்கு நாமே மாட்டிவிடுவோம். வீட்டிலுள்ள பெரியவர்களை ஒரு முறை அருகில் இருத்தி, "இது சரிதானா?" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகங்களில் இல்லாத பாடம் கிடைக்கும்.

மூன்றாம் படத்தையும் தாயாருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. முடிந்த பின்னரும் வெறுந்திரையையே சிறிது நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிள்ளைகள் மூச்சை அடக்கி நின்றார்கள். கடைசியில் அந்த மாணவியைப் பக்கத்திற் கூப்பிட்டு, அவள் தலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"கூடக் கயித்த இன்னுங் கொஞ்சம் மேல போட்டிருக்கணும் கண்ணு. இல்லாட்டி கழுத்து வலிக்கும்."